காயலான் கடைக்குப் போடும் முன் கொஞ்சம் நில்லுங்க!

வட சென்னையில் எத்தனை வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் தூங்குகிறது? ராயபுரத்தில் இருக்கிறது. காசிமேட்டில் இருக்கிறது. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் இருக்கிறது.

2011-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பிள்ளை படித்து முடித்தது. வேலைக்கும் போய்விட்டது. லேப்டாப் மட்டும் மூலையில். "ஆன் பண்ணா காபி குடிச்சுட்டு வந்தாலும் திறக்க மாட்டேங்குது" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் புகார். கடைசியில் காயலான் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் எடை போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார்.

கடை வைத்திருப்பவர் கதையும் இதேதான். பில் போடும் கம்ப்யூட்டர் தகராறு செய்கிறது. மெக்கானிக் வருகிறார். "அண்ணே, இது அவ்ளோதான். புதுசா ஒண்ணு எடுத்துடுங்க" என்கிறார். புதுசு என்றால் ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் போய்விடும். கடன்தான் வாங்க வேண்டும்.

அவசரப்படாதீர்கள். பல நேரம் மிஷின் சாகவில்லை. ஒரே ஒரு சாமான்தான் கிழடு தட்டிப் போயிருக்கிறது.

சுற்றும் தட்டு

அந்தச் சாமான் ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு சின்ன முள் ஓடி ஓடி எழுதுகிறது, படிக்கிறது. பத்து வருஷம் சுற்றினால் எது தேயாது? கீழே போட்டால் எது தாங்கும்?

இப்போது எஸ்.எஸ்.டி. என்று ஒன்று இருக்கிறது. தட்டு இல்லை, சுற்றல் இல்லை, வெறும் சிப். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே பள்ளத்தில், இரண்டரை இஞ்ச் அளவு எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அப்படியே உட்காரும். நாலு ஸ்குரூ வேலை. பல நிமிடம் முனகிய மிஷின் அரை நிமிடத்தில் திறக்கிறது.

சர்க்காரே இதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பில் இருப்பது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.தான். சுற்றும் தட்டு இல்லை.

"விலை ஏறிப் போச்சே சார்" என்பீர்கள். வாஸ்தவம். 2025 கடைசியில் ரேம், எஸ்.எஸ்.டி. விலை உலகம் பூராவும் எகிறியது. ஏ.ஐ. கம்பெனிகள் சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டதுதான் காரணம். ஆனால் புது கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் அதே சிப்தானே? அதன் விலை மட்டும் இறங்கவா போகிறது?

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போடும் சாமான் புது மிஷின் விலையில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். ஒரு வருஷமாவது அதில் வேலை நடக்க வேண்டும். அப்படியானால் போடலாம். மதர்போர்டு போய்விட்டதா, திரை உடைந்துவிட்டதா, பேட்டரி உப்பிவிட்டதா? அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். உப்பிய பேட்டரியை ஒரு நாள் கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தீப்பிடிக்கும்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. பழைய விண்டோஸில் பாங்கு வேலை பார்ப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. காசு கொடுக்காமல் லினக்ஸ் போடலாம். நம்ம சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ்கூட இருக்கிறது.

உப்புக் காற்றும் கரித்தூளும்

நம்ம ஏரியாவுக்கு என்று தனி நோய் உண்டு. ராயபுரம்காரர்கள் வருஷக்கணக்கில் துறைமுகக் கரித்தூளைச் சுவாசித்தார்கள். ஐகோர்ட்டு உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. கரி எண்ணூர் பக்கம் போனது. அங்கே இருப்பவர்களுக்கு இப்போது அந்தத் தூசி. கூடவே கடல் உப்புக் காற்று.

தூசி பேனை அடைக்கிறது. ஈரக் காற்று ரேம் பல்லில் களிம்பு ஏற்றுகிறது. மிஷின் கீ கீ என்று கத்தி நிற்கிறது. இதற்கு முதல் வைத்தியம் பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் ரப்பர்! ரேமைக் கழற்றி பல்லை மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பாதி கேஸ் அங்கேயே முடியும். எந்தச் சாமானும் வாங்கும் முன், கரண்டைப் பிடுங்கிவிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது யு.பி.எஸ். கடையில் கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டினால் போதும், போட்ட கணக்கு போச்சு. சின்ன யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். சேமித்து அணைக்க அது போதும். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் சாகும். அதற்காகப் பெட்டியையே தூக்கிப் போடுகிறார்கள். வேண்டாம். பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நகல் எங்கே?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்தது. தரையில் இருந்த சி.பி.யு. என்ன கதியாகும்? மிஷினை மறுபடி வாங்கலாம். ஐந்து வருஷ ஜி.எஸ்.டி. கணக்கை எந்தக் கடையில் வாங்குவது? எனவே சி.பி.யு. தரையில் இருக்கக் கூடாது. ஒரு வெளி டிஸ்க்கில் வாரம் ஒரு நகல். அந்த டிஸ்க் கடையில் இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போக வேண்டும்.

நகலுக்கு ஏமாற்றுச் சரக்கு வாங்கிவிடாதீர்கள். நடைபாதையில் "2 டி.பி. பென் டிரைவ் 300 ரூபாய்" என்றால் அது மோசடி. உள்ளே இருப்பது கொஞ்சூண்டு இடம். மேலே எழுத எழுத பழையது அழியும். கம்ப்யூட்டர் மட்டும் 2 டி.பி. என்றே காட்டும்.

பில் இல்லாமல் சாமான் வாங்காதீர்கள். பில் இருந்தால் 1915-க்குப் போன் போடலாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். 5 லட்ச ரூபாய் வரை உள்ள சாமானுக்குக் கட்டணமே இல்லை. சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய சின்னக் கடைக்காரரும் போகலாம்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எடைக்குப் போடாதீர்கள். ஜெராக்ஸ் கடை டிஸ்க்கில் எத்தனை பேர் ஆதார், எத்தனை பாங்கு பாஸ்புக்! டெலிட் செய்தால் அழிந்துவிடாது. தெரிந்தவன் திரும்ப எடுப்பான். முழுக்க அழித்து எழுதச் சொல்லுங்கள், இல்லையேல் டிரில் போட்டுத் துளையுங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. புது லேப்டாப் கொடுப்பது நல்லது. கொடுத்த பழசையும் எழுப்பி விடலாமே? வட சென்னையில் மண்டலத்துக்கு ஒரு முகாம். வேலைக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள். எஸ்.எஸ்.டி. மொத்த விலைக்கு. அக்காவின் பரண் லேப்டாப்பில் தம்பி படிப்பான். இல்லாவிட்டால் அது ஒயர் ஒயராகப் பிய்க்கப்பட்டு, செம்புக்காக எரிக்கப்படும். அந்தப் புகையும் நம்ம மூக்குக்குத்தான் வரும்.

இருக்கிற புகை போதாதா?