நிகர எடை

சொந்தப் பக்கத்துக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கிறார்கள். இலக்கியப் பரிச்சயமே இல்லாதவர்கள் கேட்டால் விட்டுவிடலாம். நம்மில் சிலரே கேட்கிறார்கள். நாவலை அலசு, கவிதைத் தொகுப்பைக் கிழி, ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒருவர் தன் வலைப்பதிவில், தன் நேரத்தில், யாரிடமும் சந்தா கேட்காமல் எழுதி வைத்திருப்பதை எடுத்துவைத்துக்கொண்டு பாஷை சரியில்லை, பக்கம் கண்ணை உறுத்துகிறது என்று சொல்வது அநாகரிகம் என்பது இவர்கள் வாதம். அது அவர் வீட்டுத் திண்ணை, அங்கே தராசைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று நண்பர் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார்.

திண்ணை என்ற வார்த்தையை அவர் யோசிக்காமல் போட்டுவிட்டார். திண்ணை தெருவைப் பார்த்துக் கட்டுவது. வழிப்போக்கன் உட்காரத்தான் அது. உட்கார்ந்து எழுந்தவன் வேட்டியில் புழுதி ஒட்டியிருந்தால், பெருக்கவில்லையா என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. யாரும் படிக்க வேண்டாம் என்றால் நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டிக்கொள்ளலாம். வெளியே வைத்த பிறகு அது வாசகனின் நேரத்தைக் கேட்கிறது. கேட்டு வாங்கிக்கொண்ட நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா?

பெட்டியில் பூட்டி வைத்ததற்கே தரம் உண்டு என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. விக்கிரவாண்டிக்குக் கிழக்கே, புதுச்சேரியில், ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தினப்படி எழுதி வைத்தார். டூப்ளேயின் துபாஷி, வியாபாரி. இலக்கியம் செய்கிறோம் என்ற பிரமை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் காலத்தில் அது அச்சேறவும் இல்லை. 1904க்கும் 1928க்கும் இடையில்தான் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. நிறுத்தக்குறி கிடையாது, நாம் இன்று பிழை என்று சுழிப்பவை ஏராளம், பேச்சுத் தமிழோடு அந்நிய பாஷைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. ஆனால் தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, வேளை இருக்கிறது, ஆளின் பெயரும் தொகையும் இருக்கின்றன. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் வைக்கிற ஒழுங்கு இருக்கிறது. அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் லண்டனில் சாமுவேல் ஜான்சன் 1750 முதல் 1752 வரை 'ராம்ப்ளர்' என்ற தாளை வாரம் இரண்டு தடவை, கிட்டத்தட்டத் தான் ஒருவராகவே எழுதி, 208 இதழ்கள் கொண்டுவந்தார். ஒருவர் அந்தரங்கமாக எழுதினார், மற்றவர் அச்சுக்காக எழுதினார். இருவர் தோளிலும் ஒரு மேற்பார்வையாளன் உட்கார்ந்திருந்தான், அவன் அவர்களேதான்.

தமிழில் ஒரு ஆள் பக்கம் என்றால் நமக்கு முதலில் நினைவு வருவது சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'. 1959 ஜனவரி முதல் 1970 வரை 119 இதழ்கள். ஆசிரியரும் அவரே, கட்டுச் சுமந்து ஊர் ஊராகப் போனவரும் அவரே. அதில் அலங்காரம் இல்லை. இந்த அலங்காரமின்மையை வறுமையின் அழகு என்று பிற்பாடு நாம் புகழ ஆரம்பித்தோம்; அது அசட்டுத்தனம். காகிதத்துக்குக் காசு இல்லாதது ஒரு குணம் ஆகாது. அந்தப் பக்கத்தில் இருந்த குணம் வேறு. எதை அச்சில் ஏற்றுவது, எதை ஒதுக்குவது என்று ஒருவர் முடிவெடுத்திருந்தார். அந்த முடிவுக்கு அச்சகமும் உதவியது. ஃபாரத்துக்கு இத்தனை பக்கம் என்றால் அத்தனைதான். இரண்டு வரி மிஞ்சினால் இரண்டு வரி வெட்ட வேண்டும். வெட்டுகிறபோதுதான் எந்த இரண்டு வரி வெறும் சதை என்று தெரியவரும். பிறகு 1970இல் 'கசடதபற' வந்தது. ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் சிறுபத்திரிகைப் பக்கத்துக்கு வந்தார்கள். 1974இல் 'க்ரியா' தொடங்கியது. எழுத்தின் உருவமும் வாக்கியத்தின் உருவமும் ஒரே அக்கறையின் இரண்டு முகங்கள் என்று அப்போது சிலருக்குப் புரிந்திருந்தது.

வலைப்பதிவு இந்தக் கட்டாயங்களை எல்லாம் ஒரே நாளில் எடுத்துவிட்டது. அதன் நன்மையை மறுப்பவன் நான் இல்லை. தமிழ்க் கணினியின் தொடக்கத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு; ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் புரியாத கிறுக்கலாக விழும். யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. 2003இல் தமிழில் வலைப்பதிவுகள் முளைத்தன. 2004இல் வந்த 'தமிழ்மணம்' சிதறிக் கிடந்தவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. எந்தப் பத்திரிகை ஆசிரியரின் படியையும் மிதிக்காத ஆட்கள் எழுதினார்கள். புலம்பெயர்ந்த ஈழத்துக்காரர்கள், அரபு நாட்டில் வேலை பார்த்தவர்கள், வீட்டுப் பெண்கள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டே நான் தமிழ் உரைநடையை நாள் தவறாமல் படித்தது அங்கேதான். நன்றி உண்டு. நன்றி வேறு, மதிப்பீடு வேறு.

பக்கத்தின் தோற்றத்தை எடுத்துக்கொள்வோம். கூகிள்காரன் கொடுத்த அச்சுவார்ப்பு ஆங்கில எழுத்தின் அளவுக்குத் தைத்த சட்டை. நம் எழுத்துக்குத் தலையில் விசிறி, காலில் சுழி. 'கீ'யின் வளைவு மேலே போகும், 'மூ'வின் வால் கீழே இறங்கும். வரிக்கும் வரிக்கும் நடுவே கூடுதல் இடம் வேண்டும் என்று தெருவில் போர்டு எழுதுகிறவருக்குக்கூடத் தெரியும். வலைப்பதிவர் பலருக்குத் தெரியவில்லை. ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கிறது. அடுத்தது, இரண்டு ஓரமும் சமமாக நிற்க வேண்டும் என்ற ஆசை. தமிழ்ச் சொல் நீளமானது. வேற்றுமை, வினைமுற்று, 'உம்', 'ஓ' எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கும். பழைய கம்பாசிட்டர் சொல்லை இடையில் முறித்து, கோடுகூடப் போடாமல், அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார். நாமும் இடறாமல் படித்தோம். கணினி முறிக்காது. சொல்லுக்குச் சொல் பல் விழுந்த மாதிரி சந்து விடும். இதைக் கவனிக்கக் கலைக் கல்லூரி படிப்பு வேண்டியதில்லை. தான் எழுதியதை ஒரு தடவை வாசகனாக உட்கார்ந்து படித்தால் போதும்.

அவர்கள் படிக்கவில்லை. ஆனால் பக்கத்தை நிரப்ப நேரம் இருந்தது. வலதுபுறம் வந்து போனவர் எண்ணிக்கை, ஓடும் கடிகாரம், எந்தெந்த நாட்டிலிருந்து பார்த்தார்கள் என்பதற்குக் கொடிகள், ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட விருதுகளின் படங்கள், கேட்காமலே பாடும் பாட்டு. கறுப்புத் தரையில் மஞ்சள் எழுத்து. விக்கிரவாண்டியை உங்களில் பலருக்குச் சுங்கச்சாவடி என்றும், பஸ் நின்று சாப்பிடுகிற இடம் என்றும் தெரியும். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் எரியும் விளக்குத் தோரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவுக்கு சாம்பார் நீர்த்திருக்கும் என்பது பயணிகளின் அனுபவம்.

எழுத்தும் அப்படித்தான். பதிவு மன்னிப்பில் தொடங்குகிறது: எழுதி ரொம்ப நாளாயிற்று, வேலை அதிகம். அடுத்த பத்தியில் விஷயம் வரும் என்று பார்த்தால், இதை எழுத ஏன் தோன்றியது என்பது வருகிறது. விஷயம் வரும்போது அது நாலு வரி. பிறகு ஒரு தத்துவம். முற்றுப்புள்ளி நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து புள்ளி, வியப்பு இல்லாத இடத்தில் மூன்று ஆச்சரியக்குறி. மழை என்றால் மண்வாசனை, அம்மா என்றால் கண்ணீர், கிராமம் என்றால் வெள்ளந்தி மனிதர்கள். இவை அனுபவங்கள் இல்லை; அனுபவம் வருவதற்கு முன்பே தயாராக இருக்கிற பதில்கள். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் மாணவர்களுக்கு எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் சொன்ன அபிப்ராயங்களை 1929இல் புத்தகமாகப் போட்டார். இந்தத் தயார் பதில்களை அவர் அதில் அம்பலப்படுத்தினார். நம் வட்டத்தில் அந்தப் பரிசோதனையை யாரும் செய்து பார்க்கத் துணிய மாட்டோம். பெயரை மறைத்தால் நமக்கு அபிப்ராயமே இருக்காது.

உடனே ஒரு பதில் வரும்: நீ கேட்பது சுத்தம், பண்டிதச் சுத்தம், ஒற்றுப் பிழை இல்லாதது இலக்கியம் என்கிறாய். இல்லை. விழுப்புரத்தில் ஆசிரியராக இருந்த பழமலயின் 'சனங்களின் கதை' 1988இல் வந்தபோது கவிதை இப்படியா இருக்கும் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எங்கள் பக்கத்துச் சனங்களின் பேச்சு, அவர்களின் சாவு, அவர்களின் வசவு, எந்தப் பூச்சும் இல்லாமல் அதில் வந்தது. பார்க்க அசட்டையாகத் தெரியும். ஒரு வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒரு ஆள் காணாமல் போவார். பிள்ளையின் குறிப்பிலும் இதுவேதான். கரடாக இருக்கலாம், கொச்சையாக இருக்கலாம். எடுத்தால் குறைய வேண்டும். எடுத்தாலும் குறையாதது எடையில் சேராது. என் அளவுகோல் இவ்வளவுதான். கொடிக்கும் கடிகாரத்துக்கும் இதே அளவுகோல்தான், ஐந்து புள்ளிக்கும் மண்வாசனைக்கும் இதேதான். அதனால்தான் தோற்றத்தையும் எழுத்தையும் தனித்தனியாக மதிப்பிட எனக்குத் தெரியவில்லை.

இனி என் குற்றம். மற்றவர்களைச் சொல்லிவிட்டு இதை மறைத்தால் இந்தக் கட்டுரையே பம்மாத்து.

எனக்கு மூத்த நண்பர் ஒருவர் 2009இல் ஒரு வலைப்பதிவு தொடங்கினார். ஆறு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும் 'அருமை அண்ணே' என்று எழுதியவன் நான். பாதியைப் படிக்காமல் எழுதினேன். 2016இல் அவற்றைத் தொகுத்துச் சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறேன், முன்னுரை நீதான் என்றார். எழுதிக் கொடுத்தேன். முன்னுரையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய முன்னுரைகளில் எல்லாம் இருப்பதுதான்.

அச்சுக் கூலிக்கு அவர் மனைவியின் வளையல்களை எடுத்துக்கொண்டு நான் வேலை செய்யும் கிளைக்கே வந்தார். ஆறு வளையல். எங்கள் மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றையும் கல்லில் உரைத்தார், அமிலம் தொட்டார், தராசில் வைத்தார்.

"சார், ரெண்டு வளையல்ல உள்ள அரக்கு இருக்குது. கழிச்சித்தான் போடணும்."

"கழிச்சிக்குங்க, அதுக்கென்ன."

நண்பர் முகம் வாடவில்லை. மொத்த எடை ஒரு கட்டத்தில், நிகர எடை அடுத்த கட்டத்தில். நான்தான் எழுதினேன். எழுதுகிறபோது எனக்குக் கை கூசியிருக்க வேண்டும், கூசவில்லை. அவர் வீட்டுத் தங்கத்தில் அரக்கு இருக்கிறது என்று ஒரு அந்நியர் சொன்னதை அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். அவர் எழுத்தில் அரக்கு இருக்கிறது என்று ஏழு வருஷம் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஐந்நூறு பிரதி அச்சாயிற்று. எழுபது, எண்பது போயிருக்கும், அதிலும் பாதி அன்பளிப்பு. மிச்சம் அவர் வீட்டுப் பரணில். தவணை தாண்டி, ஏல நோட்டீசும் போயிற்று; உறைமேல் விலாசம் என் கையெழுத்து. எங்கோ கைமாற்று வாங்கி வந்து நகையை மீட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு வரி எழுதவில்லை.

போன மாதம் அந்தப் புத்தகத்தை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். 240 பக்கம். அதில் பதினோரு பக்கம் தங்கம். கரும்பு வண்டியோடு ஆலை வாசலில் இரண்டு ராத்திரி காத்துக்கிடந்த அப்பாவைப் பற்றி. எடை மேடை, மாட்டுக்குத் தண்ணீர் தேடிப் போனது, வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்த அப்பா தூக்கத்தில் வண்டி எண்ணைச் சொன்னது. அதில் ஒரு ஆச்சரியக்குறி கிடையாது, தத்துவம் கிடையாது. அவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். இதற்கும் 'அருமை அண்ணே' என்றுதான் எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தின நாள் பதிவான தீபாவளி வாழ்த்துக்கும் அதேதான். இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டதில் அவர் தப்பு என்ன? அந்தப் பதினோரு பக்கத்தை அன்றைக்கே ஒருவன் சுட்டிக்காட்டி, மிச்சத்தை விட்டுவிடுங்கள், இந்த வழியில் போங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் இன்றும் எழுதிக்கொண்டிருக்கலாம். எழுதாமலும் இருந்திருக்கலாம். வளையலாவது வீட்டில் இருந்திருக்கும்.

தராசைத் தூக்கிக்கொண்டு வராதே என்று எழுதிய நண்பருக்கு என் பதில் இதுதான். இப்போது பலர் வலைப்பதிவை விட்டு முகநூலுக்குப் போய்விட்டார்கள். அங்கே 'அருமை' என்று எழுதக்கூட வேண்டாம், கட்டைவிரல் போதும். அரக்கு இன்னும் கெட்டியாக ஊறும். நம் வட்டம் சிறியது, ஒருவர் மனம் நோகாமல் இன்னொருவர் நடந்துகொண்டால்தான் பிழைக்கும் என்பவர்கள், அந்தப் பரணில் இருக்கிற கட்டுகளை வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

பதினோரு பக்கத்தின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஏன் என்று பக்கத்துக்கு இரண்டு வரி சேர்த்து, நண்பருக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். மிச்சம் 229 பக்கம் ஏன் இல்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். இதை எழுதி முடிக்கிற வரை பதில் வரவில்லை.