மீட்டரில் 12 வோல்ட் வருகிறது... ஆனாலும் ரவுட்டர் ஏன் அணைகிறது?

"ராத்திரி எட்டு மணி ஆனால் போதும், எங்கள் வீட்டு வைஃபை தானாக அணைந்து தானாக எரிகிறது. பையனின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. பார்க்க வந்தவர் அடாப்டரை மீட்டரில் வைத்து, '12 வோல்ட் கரெக்டா வருது. ரவுட்டர்தான் போச்சு, புதுசு வாங்கிடுங்க' என்கிறார். வாங்கிவிடலாமா?" - இது ஒரு மதுரை வாசகியின் கேள்வி.

கொஞ்சம் பொறுங்கள். அந்த 12 வோல்ட்டை அவர் எப்போது அளந்தார்? அடாப்டரின் பின்னை ரவுட்டரிலிருந்து உருவிய பிறகு. அதாவது, வேலையே இல்லாமல் சும்மா இருக்கும்போது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் பாதி அடைத்திருந்தாலும், ஒரே ஒரு குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் நன்றாகத்தான் வரும். நான்கையும் திறந்தால்தானே சங்கதி தெரியும்? அடாப்டரும் அப்படித்தான். லோடு கொடுக்காமல் பார்த்த அளவை வைத்து அதற்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். வகை. வீட்டு 230 வோல்ட்டை முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாற்றி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டாக இறக்கும். அடிபம்பில் தண்ணீர் வருவதுபோல மின்சாரம் விட்டு விட்டுத்தான் வெளியே வரும். அதைச் சீராக்குவது வெளியேறும் பக்கம் இருக்கும் கெப்பாசிட்டர்; பழைய மெக்கானிக்குகள் வாயில் 'கண்டென்சர்'. அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூடு பட்டுப் பட்டு வருடக்கணக்கில் அது உலர்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. டிவிக்குப் பின்னால் காற்றே புகாத இடத்தில் அடாப்டரைச் செருகி வைக்கிறோமே, அது சீக்கிரம் சாவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்புறம், அது ஏன் ராத்திரியில் மட்டும்? "லோ வோல்டேஜா இருக்கும்" என்பார்கள். அடாப்டர் மேல் பொடி எழுத்தைப் படியுங்கள்: பெரும்பாலும் 100-240 வோல்ட் என்று இருக்கும். 180-க்கு இறங்கினாலும் நல்ல அடாப்டர் சமாளிக்கும். எட்டு மணிக்கு வீட்டில் எல்லோரும் ஃபோனும் கையுமாக உட்காருவதால் ரவுட்டர் அதிக கரன்ட் கேட்கிறது. உலர்ந்த கெப்பாசிட்டரால் ஈடுகொடுக்க முடியாமல் 12 வோல்ட் சரிகிறது, ரவுட்டர் அணைந்து மறுபடி எழுகிறது.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பை அடாப்டரில் கொடுத்து, பல்பு எரியும்போதே மீட்டரை வைப்பார்கள். அது சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். 1 ஆம்பியர் அடாப்டர் அசராமல் நிற்க வேண்டும். 11.4-க்குக் கீழே போனால் சந்தேகம். 9, 10 என்று இறங்கினால் சந்தேகமே இல்லை. அரை ஆம்பியர் அடாப்டருக்கு இந்த பல்பு தாங்காது, அதில் செய்ய வேண்டாம்.

எல்லாப் பழியும் அடாப்டருக்கே இல்லை. அதன் விளக்கு 'டிக் டிக்' என்று விட்டு விட்டு எரிந்து, பின்னை உருவியதும் நிலையாக எரிந்தால், ரவுட்டருக்குள் ஷார்ட் இருக்கலாம். ஒயரை அசைத்தால் அணைகிறது என்றால் பின் தளர்ந்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பவர்கட்டுக்குப் பிறகு எழவே மாட்டேன் என்கிறது என்றால், அடாப்டருக்குள் ஸ்டார்ட் ஆக உதவும் குட்டி கெப்பாசிட்டர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

சில ரூபாய் கெப்பாசிட்டர்தானே, யூடியூப் பார்த்து நாமே மாற்றலாமா? வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் உள்ளே கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும். தொட்டால் தூக்கி வீசிவிடும். டிவி, செட்டாப் பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் பவர் போர்டு என்றால் கடையில் கொடுத்து மாற்றுங்கள். 105 டிகிரி கெப்பாசிட்டராகப் போடச் சொல்லுங்கள். ஒட்டி மூடிய சின்ன அடாப்டர் என்றால் புதிதே மேல். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இல்லாத மலிவு அடாப்டரைத் தொடாதீர்கள்.

மதுரை வாசகிக்கு: உங்கள் செட்டாப் பாக்ஸ் அடாப்டரில் மேலே சொன்ன மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால், இன்று ராத்திரி எட்டு மணிக்கு சீரியலை ஒரு நாள் தியாகம் செய்து, அதை ரவுட்டரில் மாட்டி விடுங்கள். பத்து மணி வரை வைஃபை அணையவில்லை என்றால், வாங்க வேண்டியது அடாப்டர் மட்டும்தான்.