வலிக்காத நாளில் பல் டாக்டர்

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பல குழந்தைகள் பல் டாக்டரை முதன்முதலாகப் பார்ப்பது, வீடே தூங்காமல் கிடந்த ஓர் இரவுக்கு மறுநாள்தான். கன்னம் வீங்கியிருக்கும். கிராம்பு வைத்துப் பார்த்தாயிற்று. உப்புத் தண்ணீரைக் கொப்பளிக்கச் சொல்லி, பிள்ளை அதை விழுங்கியும் ஆயிற்று. காய்ச்சல் சிரப்பும் கொடுத்தாயிற்று. விடிந்ததும் பேராவூரணியிலிருந்தோ மதுக்கூரிலிருந்தோ பஸ் ஏறி டவுனுக்கு வந்து சேர்ந்தால், நாலு வயதுப் பிள்ளை வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. முன்கூட்டியே நாலு வார்த்தை பக்குவமாகச் சொல்லி அழைத்து வந்திருக்கலாமோ என்று பெற்றோர் குழம்புகிறார்கள். என்ன சொல்லியிருக்கலாம் என்று பத்திரிகைகளும் யோசனை தருகின்றன. நான் முதலில் தேதியைத்தான் கேட்பேன். வாயில் எந்த வலியும் இல்லாத ஒரு நாளில் முதல் தடவை போய்வந்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். வலியோடு முதல் தடவை போகிற பிள்ளையிடம் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் அது காதில் ஏறுவதில்லை.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. அச்சம் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது என்று உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1977-இல் எழுதினார்: தானே பட்டு அறிவது, பிறர் பயப்படுவதைப் பார்ப்பது, பிறர் சொல்லக் கேட்பது. அப்படியானால் பல் நாற்காலியில் வலியை அனுபவித்த எல்லோருக்கும் காலம் முழுக்கப் பயம் இருக்க வேண்டும்; இல்லையே, ஏன்? இந்தக் கேள்வியை 1989-இல் உளவியலாளர் கிரஹாம் டேவி ஆராய்ந்தார். வலித்தும் பயம் பிடிக்காதவர்களை விசாரித்தபோது, அந்த வலிக்கு முன்பே வலியில்லாத பல சந்திப்புகள் அவர்களுக்கு நடந்திருந்தது தெரிந்தது. அது பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னது, பயந்தவனுக்குக் கெட்டதுதானே முதலில் ஞாபகம் வரும் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் இந்த முடிவு ஒற்றையாக நிற்கவில்லை. 1959-லேயே லுபோ, மூர் என்ற இருவர் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பொருளை எந்த விளைவும் இல்லாமல் பலமுறை காட்டிவிட்டால், பிறகு அதை எச்சரிக்கைக்குறியாக ஆடுகளுக்குப் பழக்குவது கடினமாகிவிட்டது. நாற்காலி, விளக்கு, முகமூடி, மருந்து வாசனை எல்லாம் 'ஒன்றும் செய்யாத சாமான்கள்' என்று குழந்தையின் மனதில் முதலிலேயே பதிந்துவிட்டால், பின்னால் ஒருநாள் ஊசி போட நேர்ந்தாலும் அது ஒருநாள் வலியோடு நின்றுவிட வாய்ப்பிருக்கிறது.

எப்போது போவது என்பதற்கு அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் தரும் பதில்: முதல் பல் முளைத்ததும், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள். இதைக் கேட்டால் நம் ஊரில் சிரிப்பார்கள். பொக்கை வாயில் ரெண்டு பல் எட்டிப்பார்க்கிறது, இதில் டாக்டருக்கு என்ன வேலை? வேலை உண்டு. மருத்துவரும் தாயும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, பிள்ளையின் உடம்பு தாயின் மடியிலும் தலை மருத்துவரின் மடியிலும் இருக்கும்படி படுக்கவைத்து, சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். பெரிய நாற்காலியே தேவையில்லை. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்பதுதான் அவர்கள் முதலில் தேடுவது. சொத்தையின் ஆரம்பம் அது. சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைகளுக்கு மேல் முன்பற்களில்தான் முதலில் வரும். கீழ்ப்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும். அந்தக் கோட்டில் பள்ளம் விழுவதற்குள் ஃபுளோரைடு பூசினால், சொத்தையை அங்கேயே நிறுத்தலாம். இதெல்லாம் வீட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் பால் கறை என்று துடைத்துவிட்டுப் போவோம்.

ஒரு வயதுப் பிள்ளை அழுமே என்பது அடுத்த ஆட்சேபம். அழும். நாடியம்மன் கோயிலிலோ குலதெய்வக் கோயிலிலோ தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டை போட்டுக் காது குத்தும்போதும்தான் அழுகிறது. பிள்ளைக்கு விவரம் தெரியட்டும், அப்புறம் குத்தலாம் என்று அங்கே யாரும் தள்ளிப்போடுவதில்லை. காதில் ரத்தம் கசிந்தாலும் 'அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு' என்று தூக்கிக் கொஞ்சி, பத்து நிமிடத்தில் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறோம். சுற்றியுள்ள பெரியவர்கள் கலங்காததால் பிள்ளையும் சீக்கிரம் தேறிவிடுகிறது. ராக்மன் சொன்ன இரண்டாவது வழி இங்கே நல்லவிதமாக வேலை செய்கிறது. துளையே போடாத பல் பரிசோதனைக்கு மட்டும் நாம் ஏன் இவ்வளவு கலங்குகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவித்து உறவைக் கூட்டிக் கொண்டாடுவார்கள். நம் காவிரி டெல்டாவில் அந்த வழக்கம் பரவலாக இல்லை. இருந்திருந்தால், மறுநாள் மருத்துவரைப் பார்ப்பதற்கு நல்ல ஞாபகக்குறியாக இருந்திருக்கும்.

பால் பல்தானே, விழப்போகிறதுதானே என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற வாதம். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்து மெல்ல வேண்டியவை. அவற்றைச் சொத்தையில் முன்கூட்டியே இழந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சரிந்து, அடியிலிருந்து வரும் நிலையான பல்லுக்கு வழியை அடைக்கும். ஆறு வயதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப் பல் புதிதாக முளைக்கும். சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய ஒரு பல்லும் கைக்கு வராததால், வந்தது நிரந்தரப் பல் என்றே வீட்டில் தெரியாது. ஆயுளுக்கும் இருக்க வேண்டிய அந்தப் பல் 'பால் பல்' என்ற பெயரில் கெடும். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. பழைய கணக்குதான். ஆனால் பாதிப் பிள்ளைகளுக்குச் சொத்தை என்னும்போது, வலி வந்தபின் போகலாம் என்பது வலிக்காகக் காத்திருப்பதற்குச் சமம்.

பணம்? இதில் சீக்கிரம் போகச் சொல்பவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளைப் பற்றி 2004-இல் வந்த ஆய்வு, ஒரு வயதுக்குள் முதல் முறை போனவர்களின் பல் செலவு சராசரி 262 டாலர், நாலு வயதுக்குமேல் போனவர்களுக்கு 546 டாலர் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு 'சீக்கிரம் போனால் செலவு மிச்சம்' என்று எழுதித் தள்ளினார்கள். 2017-இல் அலபாமா மாநிலத்தில் செய்த ஆய்வோ நேர்மாறாக வந்தது: பல் மருத்துவரிடம் சீக்கிரம் போன குழந்தைகளுக்குப் பின்னால் சொத்தைச் சிகிச்சையும் செலவும் கூடுதலாக இருந்தன. பார்த்ததால் கண்டுபிடிக்கப்பட்டதா, ஏற்கெனவே கெட்டிருந்த பற்களா என்று வாதாடலாம். ஆகவே செலவு குறையும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். பல் துலக்காமல், இரவில் பால் புட்டியை விடாமல், டாக்டரிடம் போவதால் மட்டும் பல் நிற்காது. சீக்கிரம் போவதில் எனக்கு உறுதியாகத் தெரியும் லாபம், பயம் பிடிக்காமல் இருப்பதுதான். அந்த லாபத்துக்குத் தனியார் கிளினிக் கட்டாயமில்லை. ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற வாயில் நுழையாத பெயரில் 2013 முதல் நடக்கும் மத்தியத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவற்றில் பல்லும் உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டையில் 2023-இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. என்றாலும் தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒருநாள் சம்பளம் போவது பெரிய விஷயம். அவரைக் குறை சொல்வதைவிட, ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரும் அன்றைக்கே பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்து அனுப்பலாம். ஒரு நிமிட வேலை.

இனி, வீட்டில் என்ன பேசுவது. பேசாமல் விடவேண்டியதுதான் அதிகம். 'சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்' என்று மாசக்கணக்கில் மிரட்டிவிட்டு, ஒருநாள் காலை 'டாக்டர் மாமா ரொம்ப நல்லவர்டா' என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? அப்பாயி தனக்குப் பல் பிடுங்கிய கதையைப் பிள்ளை காதுபடச் சொல்லாமல் இருந்தாலே பாதித் தயாரிப்பு முடிந்தது. 'வலிக்காது' என்ற வாக்குறுதியும் வேண்டாம். அதுவரை வலியை நினைக்காத பிள்ளைக்கு அதுதான் முதல் அறிவிப்பு. வலித்துவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது. 'பல்லை எண்ணிப் பார்ப்பாங்க, நான் பக்கத்துல இருப்பேன்' என்பது போதும், அது உண்மையும்கூட. மிச்சத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார்: முதலில் சொல்வது, பிறகு கருவியைக் காட்டுவது, பிறகுதான் செய்வது என்ற முறையை அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959-இல் எழுதி வைத்தார், இன்றும் அதுதான் பாடம். அமைதியாகச் சிகிச்சை பெறும் இன்னொரு குழந்தையின் படத்தைப் பார்த்த பிள்ளைகள் நாற்காலியில் முரண்டு பிடிப்பது குறைந்தது என்று உளவியலாளர் பார்பரா மெலமெட் குழுவினர் 1975-இல் காட்டினார்கள். அதற்கு வீடியோகூடத் தேவையில்லை. பயமில்லாத அக்காவோ அண்ணனோ முதலில் உட்கார்ந்தால் போதும். அழாமல் இருந்தால் சாக்லேட் என்று பேரம் பேசுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏற்கெனவே நாலு வயதாகிவிட்டது, வலியும் வந்துவிட்டது என்றால்? அன்றைக்கு வலியை நிறுத்துவது மட்டுமே வேலை. எல்லாச் சொத்தையையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மருத்துவரை நெருக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் துளை போட வேண்டியதில்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டுவைத்தே சொத்தை பரவாமல் பலவேளை நிறுத்த முடியும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், சிரித்தால் தெரியும். பால் பல்லில் அந்தக் கறுப்பைச் சகித்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து, எந்தச் சிகிச்சையும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் பிள்ளையை மறுபடி கூட்டிப்போய், நாற்காலியில் ஏற்றி, பற்களை எண்ணச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அன்று எதுவுமே செய்யாமல் அனுப்பச் சம்மதிக்கும் மருத்துவரை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.