தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள்!

கல்யாணமாகி ஆறு மாசம் ஆனதுமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்து விடுகிறோம். ஒரு வருஷம் போனால், "யாராவது டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேள்வி மாறுகிறது. மூன்று வருஷம் ஆகிவிட்டால் கேள்வியே கிடையாது. வளைகாப்புக்குக் கூப்பிடாமல் ஒதுக்கி விடுகிறோம். பையனுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணலாமா என்று காதைக் கடிக்கிற வீடுகளும் உண்டு. ஆனால், கரு தங்கக்கூடிய நாட்கள் எவை என்று அந்தத் தம்பதிக்கு நம்மில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? அதைப் பேச வெட்கம். பழி சொல்ல மட்டும் வெட்கமில்லை.

முதல் குழப்பம் நாள் எண்ணுவதில்தான். "14வது நாள்" என்று டாக்டர் சொன்னால், உதிரப்போக்கு ஆரம்பித்த நாள்தான் அவருக்கு முதல் நாள். நம் வீட்டுப் பெரியவர்களோ தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணச் சொல்வார்கள். நாலாம் நாள் குளித்து, அதை ஒன்று என்று வைத்தால், இவர்களுடைய 14வது நாள் உண்மையில் 17வது நாள். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அதற்குள் காலம் கடந்து விடும்.

எல்லாருக்கும் 14வது நாள் என்பதும் சரியல்ல. அடுத்த மாதவிலக்கு வருவதற்குச் சுமார் 14 நாள் முன்னால்தான் கருமுட்டை வெளிவருகிறது. 28 நாள் கணக்குக்காரருக்கு 14வது நாள் வாக்கில் வந்தால், 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவருக்கு 21வது நாள் வாக்கில் வரும். 24 நாள் என்றால் 10வது நாளே வந்துவிடும். உடம்பு முடியாமல் போனாலும், மனசு சரியில்லாவிட்டாலும் ஓரிரு நாள் முன்னே பின்னே ஆகும். செல்போனில் வரும் நாள் கணக்கும் உத்தேசம்தான்.

வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுசு ஒரு நாள்கூட முழுசாக இல்லை. 12 முதல் 24 மணி நேரம்தான். ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே முட்டை வந்த பிறகு சேர்வதைவிட, வருவதற்கு முன்பே சேர்ந்திருப்பதுதான் பலன் தரும். அமெரிக்காவில் 221 பெண்களைக் கவனித்து 1995ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், முட்டை வெளிவரும் நாளோடு முடிகிற ஆறு நாட்களுக்குள் சேர்ந்தபோதுதான் கரு உண்டானது என்று கண்டார்கள். 28 நாள் கணக்குக்கு, 9 முதல் 14 வரை என்று வைத்துக் கொள்ளலாம்.

உடம்பே அடையாளமும் காட்டும். அந்த நாட்களில் வெள்ளைப்படுவது முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி இருக்கும். இதை வியாதி என்று பயப்பட வேண்டாம். அரிப்போ, துர்நாற்றமோ இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதற்காக, "இன்னிக்குத்தான் நாள்" என்று கணவரைப் பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி படுத்தவும் கூடாது. நாள் பார்ப்பது சிரமமாக இருந்தால், உதிரம் நின்றதிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், அந்த நாட்கள் தப்பாது. பலத்தைச் சேர்த்து வைப்பதாக நினைத்து நாள் கணக்கில் விலகி இருப்பதால் லாபம் ஒன்றுமில்லை.

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, விரதம் என்று விலக்கி வைத்தது போக, மாசத்தில் மிச்சம் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மகன் துபாயிலிருந்து ஒரு மாச லீவில் வருவான். அதில் பாதி சொந்தக்காரர் வீட்டு விருந்திலும், குலதெய்வம் கோவில் பிரயாணத்திலும் போய்விடும். ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் படுத்திருப்பார்கள். அவன் விமானம் ஏறிய மறுமாசம் "ஒண்ணும் இல்லையா?" என்று மருமகளைக் கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? சாமியையும் கும்பிடுவோம், சின்னஞ்சிறுசுகளுக்குத் தனிமையும் கொடுப்போம்.

நாள் சரியாகப் பார்த்தும் ஒரு வருஷம் ஆகிவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாசத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. விலக்கு ஒழுங்காக வராதவர்கள் முதலிலேயே போவது நல்லது. போகும்போது கணவரும் கூடப் போகட்டும். குறை ஆணிடம் இருப்பதும் சகஜம். அதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனை ஊசிகூடப் போடாமல் முடிகிற காரியம். அதைச் செய்யாமல் மனைவியை மட்டும் ஸ்கேன், மாத்திரை, ஊசி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடுவது என்ன நியாயம்?

தாய்மார்களே, மகளுக்குச் சீர் வரிசை அடுக்கும்போது இந்த நாள் கணக்கையும் சொல்லி அனுப்புங்கள். மகன் இருந்தால் அவனுக்கும் அப்பாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "மலடி" என்ற சொல்லை வாயில் எடுப்பதற்கு முன்னால், அவர்கள் சேர்ந்திருக்க எத்தனை நாள் விட்டோம் என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வோமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.