ரயில் இல்லாத ஸ்டேஷன்கள்

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் – இவை ஏதோ பெரிய நகரங்களின் ரயிலடிகள் என்று நினைத்துவிடாதீர்கள். போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணிக்கு மேலே உள்ள மலைக் கிராமங்களின் பெயர்கள் இவை. அடிவாரத்திலுள்ள கொட்டகுடிக்கும் 'பாட்டம் ஸ்டேஷன்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. அங்கெல்லாம் தண்டவாளம் இல்லை. டிக்கெட் கொடுப்பாரும் இல்லை. பிறகு இந்தப் பெயர் எப்படி வந்தது?

பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லாத இந்தக் கதையை நம் உழைப்பாளி மக்கள், குறிப்பாக வாலிபர்கள், தெரிந்துகொள்ள வேண்டும்.

1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். அவ்வளவு பெரிய மலைப் பிரதேசத்துக்கும் குத்தகை வருஷத்துக்கு 3,000 ரூபாய்! காட்டை அழித்துப் பல பயிர்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் லாபம் கண்டார்கள். 1897ல் கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது.

தேயிலை விளைந்தது. அதை மலையிலிருந்து இறக்குவது எப்படி? அங்கேதான் நமது கதை தொடங்குகிறது.

1902ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை வண்டிப் பாதை வெட்டி, அதில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஓடும்; பாரத்தில் பெரும்பகுதியை அதுவே தாங்கும். பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துப் பாதையில் உருண்டு, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தது எது? எஞ்சின் அல்ல, காளை மாடுகள்! இந்தியாவின் முதல் மோனோ ரயில் இதுதான். மும்பையில் மோனோ ரயில் ஓடத் தொடங்கிய 2014க்கு 112 ஆண்டுகள் முன்னதாகவே நம் மலை உச்சியில் மாடு இழுத்த மோனோ ரயில் ஓடியிருக்கிறது.

1908ல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகல இரட்டைத் தண்டவாளம் போட்டு, நீராவி எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வே கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் 15 கிலோமீட்டர் போடிக்கு. பிறகு ரயிலும் கப்பலும் ஏறிச் சீமைக்கு.

போடிக்கு ரயில் வந்தது எப்போது? 1928ல்! தேயிலைப் பெட்டிக்கு மலை உச்சியில் தண்டவாளம் கிடைத்து 26 ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் ஜனங்களுக்கு மலையடியில் ரயில் கிடைத்தது. அதையும் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திவிட்டு, 2023 ஜூன் 15ல்தான் திரும்பக் கொடுத்தார்கள்.

அந்த மலைப்பாதையை வெட்டியவர் யார்? தண்டவாளம் சுமந்தவர் யார்? கங்காணியிடம் முன்பணம் வாங்கி, மதுரை, திருநெல்வேலி சீமைகளிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு மலையேறிய ஏழை மக்கள். பெட்டி கம்பியில் இறங்கியது. அதை நிரப்பியவர்கள் கால்நடையாக ஏறினார்கள். மன்றோவின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

1924 ஜூலையில் மலையாள நாட்டையே மூழ்கடித்த பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் '99ன் வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். குண்டளை ரயில் அதில் அழிந்தது. மறுபடி போடவே இல்லை. பின்னர் 1935ல் பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் திறந்தது. சரக்குக்கு மேற்கே கொச்சிக்கு நல்ல வழி கிடைத்துவிட்டது. கிழக்கு வழி காடு மூடியது. பெயர்கள் மட்டும் மிஞ்சின.

இன்றைய நிலை என்ன? டாப் ஸ்டேஷன் நம் தேனி மாவட்டத்தில், கொட்டகுடி ஊராட்சியில்தான் இருக்கிறது. ஆனால் குரங்கணியிலிருந்து சென்ட்ரல் வழியாக அங்கே போக வேண்டுமானால் நடைதான். வாகனத்தில் போவதென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் புகுந்து, மூணாறு சுற்றி, சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். சொந்த ஊராட்சிக்குள் போக அடுத்த மாநிலத்தைச் சுற்றும் கொடுமை இது! போடித் தொகுதி மலைக் கிராமங்களுக்குத் தேர்தல் தோறும் வாக்கு எந்திரம் குதிரையில் ஏறுகிறது. ஓட்டை இறக்கிக் கொண்டுவர சர்க்காருக்கு வழி தெரிகிறது; பிரசவ வேதனையில் இருப்பவளை இறக்க வழி தெரியவில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. ஹெலிகாப்டர் மீட்பு நடந்தது மறுநாள். அதற்கு முன்பே இருட்டில் ஏறி, கிடைத்த துணியில் தூளி கட்டிச் சுமந்தவர்கள் அந்த மலை ஜனங்கள்தான்.

"காடு அழிந்துவிடும்" என்பார்கள். காட்டைக் காப்பதில் நமக்கும் அக்கறை உண்டு. அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், குடிநீர், சாலை முதலியவற்றுக்கு, கிராமசபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் நிலம் தேவைப்பட்டால் 1980 வனச் சட்டப்படி மத்திய சர்க்காரிடம் அனுமதி கேட்கலாம். மலைமலையாகக் காட்டை அழித்துத் தேயிலை நட்டபோது ஒரு மரத்தையாவது எண்ணினார்களா? ஏழை நடக்கும் பாதை என்றதும் எண்ணத் தொடங்குகிறார்கள்!

இது தேயிலையோடு முடிந்த பழங்கதை அல்ல. போடியில் ஏலத்துக்கு வரும் ஏலக்காய் மூட்டை தார்ப்பாய் போர்த்திப் பத்திரமாக வருகிறது. அதைப் பறிக்கும் நம் சகோதரிகள் விடியுமுன்னே ஜீப்பில் அடைந்து, உயிரைக் கையில் பிடித்து மலை ஏறுகிறார்கள். சரக்குக்குக் கிடைக்கும் மரியாதை உழைக்கும் மனிதருக்கு இல்லை. நூறு ஆண்டு கடந்தும் முதலாளித்துவத்தின் கணக்கு மாறவில்லை.

ஆகவே, கொட்டகுடி ஊராட்சியின் மலைக் கிராமத்தார் கிராமசபை கூட்டித் தீர்மானம் போட வேண்டும். போடி நகரத்து உழைப்பாளிகள் அவர்களோடு நிற்க வேண்டும். 1902ல் மலை உச்சிக்குத் தண்டவாளம் போட முடிந்தது. இன்று மனிதர் போக ஒரு பாதை போட முடியாதா? முடியும். மக்கள் ஒன்றுபட்டுக் கேட்டால் முடியும்!