அக்கி கண்டால் மூன்று நாள் கணக்கு

அக்கி என்னும் சொல்லுக்கு நெருப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. அந்நோயால் வருந்தியவர்கள் பெயர் பொருத்தமே என்பார்கள். விலாவிலோ முதுகிலோ நெற்றியிலோ ஒரு பக்கமாக மட்டும் கனல் பட்டாற்போல் எரியும். மேல்துண்டு உரசுவதையும் தோல் பொறுக்காது. ஓரிரு நாட்களில் அவ்விடம் சிவந்து, நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாய் எழும்.

சிறு வயதில் நமக்கு அம்மை வார்த்தபோது வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்குக் கூழ் வார்த்து நிறைவு செய்தார்கள் நம் அன்னையர். ஆனால் சின்னம்மைக்குக் காரணமான வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. வயது ஏறி உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, ஏதேனும் ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதுவே அக்கி. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் ஹோப்-சிம்சன் என்ற மருத்துவர், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் குறித்து வைத்து, 1965இல் இவ்விளக்கத்தை வெளியிட்டார். பேரேடு எழுதியே காலம் கழித்த எனக்கு அவர்மேல் தனி மதிப்பு.

ஒரு நரம்பின் வழியே வருவதால் அக்கி உடலின் நடுக்கோட்டைத் தாண்டுவது அரிது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை அன்பர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். தோல் ஷாப்பில் பணிபுரிந்தவர்களுக்குக் குரோமிய உப்பினால் கைகளில் அரிப்பும் தடிப்பும் வருவதுண்டு. அது பெரும்பாலும் இரு கைகளிலும், இரசாயனம் பட்ட இடத்தில் வரும், அரிப்பே மிகுதி. அக்கி ஒரு பக்கம். எரிச்சலும் வலியுமே மிகுதி. பழைய ஷாப்பு அரிப்பு என்று எண்ணி வீட்டிலுள்ள களிம்பைத் தடவிக்கொண்டிருத்தல் ஆகாது.

அக்கி எழுதுதலைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. குயவர் காவியைக் குழைத்துச் சிங்க உருவம் எழுதுவதைக் கண்டு நோயாளியின் மனம் தேறுவது உண்மையே. கொப்புளங்கள் எப்படியும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும் என்பதும் உண்மை. ஆறாதது வலி. முதியோர் சிலரைத் தோல் ஆறிய பின்னும் மாதக்கணக்கில், சிலரை ஆண்டுக்கணக்கில், அது உறங்கவிடாது. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைத் தடிப்பு தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால் நோயின் கடுமை தணியும். வெள்ளியன்று தடிப்பைக் கண்டு, ஞாயிறு எழுதிவிட்டு, செவ்வாய் மருத்துவரிடம் போனால் அந்த நேரம் கடந்துவிடும். நாள் கடந்துவிட்டதென்று போகாமலும் இருந்துவிடாதீர்கள். புதிய கொப்புளங்கள் எழும்வரை மருந்துக்குப் பயன் உண்டு. எழுதத்தான் வேண்டுமெனில் முதல் மாத்திரைக்குப் பின் எழுதுங்கள். உடைந்த கொப்புளத்தின்மேல் மட்டும் எதுவும் பூச வேண்டா, சீழ் பிடிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவு மாறும்.

நெற்றியிலோ இமையிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்ணுக்கு ஆபத்து. அன்றே வேலூர் ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனை போன்ற இடத்திற்குச் செல்லுங்கள், பார்வையே பறிபோகக்கூடும்.

அக்கி பிறருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், அம்மை காணாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே பொருக்குத் தட்டும் வரை புண்ணைத் துணியால் மூடி வையுங்கள். கருவுற்ற மருமகளிடமிருந்தும் கைக்குழந்தையிடமிருந்தும் விலகியிருங்கள். ஜலகண்டேசுவரர் சந்நிதிக் கூட்டத்திற்கும் அதுவரை போக வேண்டா. வீட்டுப் பூஜையறை போதும்.

ஐம்பது வயது கடந்தவர்களுக்கான ஷிங்ரிக்ஸ் என்னும் தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரு ஊசிகள். விலை மிகுதிதான்; பேரன் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளிடம், இம்முறை நமக்கு இதை வாங்கித் தரச் சொல்லலாம். முன்பே அக்கி கண்டவர்களும், அது முற்றும் ஆறிய பின், மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.