பால்குடம் எடுக்கிற நம்ம கோயில்ல பால் கொடுக்க ஓர் இடம் வேணும்



பிள்ளைக்கு முப்பது நாள் முடிஞ்சதும் பெரியாச்சி அம்மன் சன்னதிக்குத் தூக்கிட்டு வர்றது நம்ம வழக்கம். பிள்ளை பசியில அழுதா, அந்தத் தாய் காருக்குள்ளயோ செருப்பு விடுற இடத்துக்குப் பின்னாலயோ போய் உட்கார்ந்து பால் கொடுக்குது. கூட வந்த பெரியவங்க பாட்டிலை நீட்டி, "இவளுக்குப் பால் பத்தலை"ன்னு நாலு பேர் கேட்கச் சொல்றாங்க. தொண்டு செய்யுற நாங்க இதை அடிக்கடி பார்க்கிறோம்.

அந்த வார்த்தையை முதல்ல விடணும். முதல் ரெண்டு மூணு நாள் வர்றது சீம்பால். மஞ்சளா, கெட்டியா, கொஞ்சமாத்தான் வரும். பிறந்த பிள்ளையோட வயிறும் சின்னது, அது போதும். நோயைத் தடுக்கிற சக்தி அதுல இருக்கு, பிழிஞ்சு கொட்டச் சொல்லாதீங்க. மூணு நாலு நாள்ல பால் நல்லா ஊறும். அதுக்குள்ள பயந்துபோய் பால் மாவு டின்னை உடைச்சா பிள்ளை மார்பில குடிக்கிறது குறையும். குடிக்கிறது குறைஞ்சா ஊறுறதும் குறையும். அப்புறம் நிஜமாவே பத்தாமப் போகும்.

ஒரு நாளைக்கு 8லேருந்து 12 தடவை பால் கேட்கிறது சாதாரணம்தான். பம்பர்ஸைப் பாருங்க. அஞ்சாம் நாளுக்கு மேல தினமும் ஆறாவது நனைஞ்சு, கிளினிக்குல எடையும் ஏறினா பால் போதுதுன்னு அர்த்தம். பிள்ளை பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தாலோ, மஞ்சள் ஏறினாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

காம்பு வெடிச்சு வலிக்குதுன்னா, பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுது. வாயை அகலமாத் திறக்க வச்சு, கறுப்பு வட்டமும் உள்ள போற மாதிரி பிடிக்கணும். கிளினிக் மிஸ்ஸிகிட்ட கேட்டா பக்கத்துல உட்கார்ந்து காட்டுவாங்க. மார்பு சிவந்து, கட்டி, காய்ச்சல் வந்தா பால் கொடுக்கிறதை நிறுத்தக் கூடாது. ஒரு நாள்ல குறையலைன்னா டாக்டரைப் பார்க்கணும்.

பத்தியம்னு சொல்லி தண்ணியைக் குறைக்கிறதும் வேண்டாம். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், குடிக்கட்டும். பூண்டு, முருங்கைக்கீரை தாராளமாச் செஞ்சு கொடுங்க. ஆனா பிள்ளைக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால்தான், தண்ணிகூட வேண்டாம். சேனை வைக்கிறோம்னு தேன் தடவாதீங்க, ஒரு வயசுக்குள்ள தேன் ஆபத்து.

எவ்வளவு முயற்சி பண்ணியும் முடியாத தாய்மார்களும் இருக்காங்க. அவங்களைக் குத்திப் பேசுறதுக்கு நமக்கு உரிமை இல்லை. மாவுப் பால் கொடுத்தா டின்ல போட்ட அளவுப்படி கலக்குங்க, மிச்சம் பிடிக்கத் தண்ணி கூட்டாதீங்க.

2023 ஜனவரி 1லேருந்து நம்ம நாட்டுல பேறுகால விடுப்பு 60 நாள்லேருந்து 98 நாளாச்சு. கல்யாணமான ஆம்பளைக்கும் 7 நாள் கிடைக்குது. அந்த ஏழு நாளும் கைப்பேசியைக் கொஞ்சம் கீழ வச்சுட்டு ராத்திரி பம்பர்ஸ் மாத்துங்க, தம்பிகளா. 98 நாள் முடிஞ்சு வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு மூணு மாசம்தான் ஆகியிருக்கும். ஃபேக்டரியில கழிவறைக்குள்ள நின்னு பால் பம்ப் பண்ற பிள்ளைங்களை எங்களுக்குத் தெரியும். சூப்பர்வைசர் வேலையில இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றோம்: இருபது நிமிஷத்துக்கு வேற ஆளை நிறுத்தலாம், லைன் நின்னுடாது. எடுத்த பால் வெளியில நாலு மணி நேரம், குளிர்பெட்டிக்குள்ள நாலு நாள் தாங்கும்.

இப்ப நம்ம ஆலயத்துக்கு வருவோம். அன்னதானக் கூடத்துக்குப் பக்கத்துல உடைஞ்ச நாற்காலி அடுக்கி வச்சிருக்கிற அறையைத் தாய்மார்களுக்குக் கொடுங்கன்னு கமிட்டிகிட்ட கேட்டிருக்கோம். "கோயில்ல இதெல்லாமா?"ன்னு ஒரு சிலர் முகம் சுளிச்சாங்க. முருகனுக்கே கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டினாங்க. தைப்பூசத்துல கரும்புத் தொட்டில் சுமக்கிற ஊர் இது. அந்தத் தொட்டில்ல வர்ற பிள்ளைக்கும் பசிக்கும்.

ஒரு ஃபேன், சாய்ஞ்சு உட்கார ரெண்டு நாற்காலி, கனமான திரை, கை கழுவக் குழாய் இருந்தா போதும். அறையைச் சுத்தம் பண்ண அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வர்றோம். நாற்காலி, ஃபேன் கொடுக்க முடிஞ்சவங்க ஆலய அலுவலகத்துல சொல்லுங்க. திரையை எங்க மாட்டலாம்னு தாய்மார்களே வந்து காட்டிட்டா ரொம்ப நல்லது.